இடுப்பு வலிக்குப் பயிற்சி: யார் தொடர்வார், யார் விடுவார், முதல் நாளே சொல்ல முடியுமா?

களக்காடு மாணவி – செப்டம்பர் 6

பிசியோதெரபி கடைசி வருடம். ப்ராஜெக்ட் தலைப்பு: நாள்பட்ட இடுப்பு வலிக்கு வீட்டுப் பயிற்சி கொடுத்தால் யார் விடாமல் செய்வார் என்று முதல் நாளிலேயே கணிப்பது. வயது, ஆணா பெண்ணா, படிப்பு, தொழில், எடை, வலி பத்துக்கு எத்தனை, இந்த ஆறையும் குறித்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து "செய்தீர்களா" என்று கேட்டுப் பொருத்திப் பார்க்கத் திட்டம். படித்தவர்களும் அலுவலக வேலை பார்ப்பவர்களும் தொடர்வார்கள், பீடி சுற்றுகிறவர்களும் நடவுக்குப் போகிறவர்களும் விட்டுவிடுவார்கள் என்பது என் கணிப்பு. நூறு பேர் போதுமா?

பாளை பிசியோ – செப்டம்பர் 6, இரவு

எண்ணிக்கையை அப்புறம் பார்ப்போம். எடுத்த ஆறு கேள்விகளே பலம் குறைந்தவை. வயதும் படிப்பும் ஒரு ஆய்வில் பொருந்தும், அடுத்ததில் பொருந்தாது. 2010இல் ஜாக் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வில் வலுவான சான்றோடு நின்றவை வேறு. சிகிச்சைக்கு வருமுன்பே உடலை அதிகம் அசைக்காமல் இருந்தது. ஆரம்ப நாட்களிலேயே பயிற்சியைத் தவறவிட்டது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை இல்லாதது. மனச்சோர்வு, பதற்றம், இனி என்ன செய்தும் பிரயோசனம் இல்லை என்ற கையறு நிலை. வீட்டில் ஒத்தாசை இல்லாதது. நோயாளியே தன் வாயால் சொல்லும் தடைகள் அதிகம் இருப்பது. பயிற்சியின்போது வலி கூடுவது. அது இடுப்பு வலிக்கு மட்டுமான தொகுப்பு இல்லை, எலும்பு தசைக் கோளாறுகள் பலவற்றையும் சேர்த்தது. ஆனாலும் கேள்விகளைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

அதற்கும் முன்னால், 1993இல் நெதர்லாந்தில் ஸ்லைஸ் குழு பிசியோ நோயாளிகளிடம் பார்த்தபோது மூன்று காரணங்கள் மேலே வந்தன: நோயாளி உணரும் தடைகள், "நல்லா செய்றீங்க" என்ற சொல் கிடைக்காதது, கையறு நிலை. இதில் இரண்டாவது நோயாளியின் குணமே இல்லை, நம் பக்கத்துக் குறை. நோயாளியின் விவரங்களை மட்டும் வாங்கினால் அது உங்கள் தாளில் எங்கேயும் வராது.

தொழிலைக் கேட்பது தவறில்லை. ஆனால் அது தடைகளுக்குப் பதிலாள் மட்டும்தான். பதிலாளைக் கேட்பதைவிடத் தடையையே நேரடியாகக் கேளுங்கள்.

ராதாபுரம் புள்ளியியல் – செப்டம்பர் 7

நூறு போதாது. பழைய கணக்கு ஒன்று உண்டு: கணிப்புச் சூத்திரத்தில் மதிப்பிட வேண்டிய ஒவ்வொரு எண்ணுக்கும், தொடர்ந்தவர், விட்டவர் என்ற இரண்டு குழுவில் சிறிய குழுவிலிருந்து குறைந்தது 10 பேர். உங்கள் ஆறு கேள்வி ஆறு எண் ஆகாது. தொழிலை நான்கு வகையாகப் பிரித்தால், ஒன்றை அடிப்படையாக வைத்து மற்றதை ஒப்பிடுவதால், மூன்று எண். படிப்பு மூன்று வகை என்றால் இரண்டு. மீதி நான்கும் ஒன்றொன்று. மொத்தம் 9, ஆக சிறிய குழுவில் 90 பேர். நூற்றுக்கு 40 பேர் தொடர்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 90ஐ 0.4ஆல் வகுங்கள், 225 பேர். அதுவும் அடித்தளக் கணக்கு. இன்றைய முறைகள் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே கேட்கும்.

ஒரு கல்விக் காலத்துக்குள் 225 பேர் சேராது. அதனால் கேள்விகளை நான்காகக் குறைத்து, ஒவ்வொன்றையும் ஒரே எண்ணாக வாங்குங்கள். எந்த நான்கு என்பதைத் தரவைப் பார்த்த பிறகு முடிவு செய்யக்கூடாது. இருபது கேள்வி வாங்கி, நன்றாகப் பொருந்துகிற நான்கை மட்டும் வைத்துக்கொண்டால் உங்கள் நோயாளிகளிடம் அழகாக வேலை செய்யும், பக்கத்து ஊரில் படுத்துவிடும்.

ஆறு வாரம் கழித்து "செய்தீர்களா" என்று கேட்கப் போகிறீர்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. 2002இல் ஸ்டோன் குழுவினர் நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் காகித டைரி கொடுத்தார்கள். டைரிக்குள் வெளிச்சத்தை உணரும் கருவி மறைந்திருந்தது, திறந்த நேரமெல்லாம் பதிவாகும். சரியான நேரத்தில் எழுதியதாக நோயாளிகள் காட்டியது 90 சதவீதம். கருவி காட்டியது 11 சதவீதம். மீதியில் பல, பிறகு மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியது. வலியின் டைரிக்கே இந்த நிலை என்றால் பயிற்சிக் குறிப்பேட்டைக் கேட்கவே வேண்டாம்.

கடையம் களப்பணி – செப்டம்பர் 9

தங்கச்சி, பீடி சுத்துதவங்க விட்டுருவாவன்னு முன்கூட்டியே முடிவு கட்டாதீங்க. மக்களைத் தேடி மருத்துவம் வந்த பொறவு வீட்டுக்கே போய் பாக்கோம்லா, அதனால சொல்லுதேன்.

ஆஸ்பத்திரி மேசைக்கு முன்னால இருந்து பாத்தா தெரியாதது என்னன்னா, நாம குடுக்குத பயிற்சி பாதிக்கு மேல அந்த வீட்டுல செய்யவே முடியாதது. ஒரே ஹால். அதுலதான் டிவி, மாமனார் கட்டில், பிள்ளைங்க படிப்பு. கை முட்டி ஊன்றி நாலு காலுல நின்னு ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுங்கன்னு சொல்லுதோம். சேலையோ நைட்டியோ கட்டிக்கிட்டு, ஆம்பளைங்க போகவர இருக்க ஹால்ல எந்தப் பொம்பளை செய்வா? "நேரமில்ல"ன்னு சொல்லுவாவ. கேட்டுக்கிட்டு "சோம்பல்"னு எழுதிருதோம். கதவு சாத்துத அறை ஒண்ணு உண்டான்னு யாரும் கேக்கதில்ல.

மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குத பயிற்சியும் அப்படித்தான். டைல்ஸ் தரையில குதிகால் வழுக்கும், பாய் விரிச்சா பாயே நகரும். கால் வழுக்குனா தொடையின் பின்தசை பிடிச்சுக்கிடும், மறுநாள் செய்யமாட்டாவ. குதிகாலைச் சுவரோட அடியில முட்டுக் குடுத்துச் செய்யச் சொன்னா சரியாயிரும். பக்கவாட்டுல முழங்கை ஊன்றுத பயிற்சிக்குப் பத்தமடைப் பாய் போதாது, முழங்கை எரியும். போர்வையை நாலா மடிச்சு வைக்கணும். குப்புறப் படுத்துச் செய்யுத எதையும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடுக்காதீங்க. காலையில எந்திரிச்ச உடனே முன்குனிஞ்சு செய்யுததும் வேண்டாம், அப்பம் முதுகு விறைப்பா இருக்கும்.

பாளை பிசியோ – செப்டம்பர் 9

கடையம் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பீடி சுற்றும்போது சம்மணம் போட்டு, மடியில் சுளகு (முறம்), முதுகு வளைந்து, கழுத்து கவிழ்ந்து, மணிக்கணக்கில் ஒரே இருப்பு. இவர்களுக்கு முதல் பயிற்சியாகத் தரை விரிப்பே கேட்காத ஒன்றைக் கொடுக்கலாம். எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல் மெதுவாகப் பின்னால் சாய்வது, 5 முதல் 10 தடவை. எப்போது செய்வது என்பதைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், வேலையோடு கட்டுங்கள். "சுளகைக் கீழே வைக்கிற ஒவ்வொரு தடவையும்" என்று சொன்னால் நினைவூட்ட ஆள் வேண்டாம். பின்னால் சாயும்போது கால் பக்கம் வலி இறங்கினால் இந்தப் பயிற்சி அவருக்கு இல்லை, நிறுத்திவிட்டு நேரில் பார்க்க வேண்டும். வயதானவர்களில் நிற்கும்போதும் நடக்கும்போதும் கால் கடுத்து, உட்கார்ந்தால் தணிகிறது என்பவர்களுக்கும் இது ஆகாது.

எத்தனை பயிற்சி கொடுக்கிறோம் என்பதும் கணிப்பில் ஒரு காரணியாக வர வேண்டும். 65 வயது தாண்டியவர்களுக்கு 2, 5, 8 என்று பயிற்சிகளைப் பிரித்துக் கொடுத்து 1999இல் ஹென்றி குழு பார்த்தது. இரண்டு பயிற்சி வாங்கியவர்கள் எட்டு வாங்கியவர்களைவிடச் சரியாகச் செய்து காட்டினார்கள். சிறிய ஆய்வுதான், இடுப்பு வலிக்கென்று செய்ததும் இல்லை. இருந்தாலும் எட்டுப் படம் போட்ட ஜெராக்ஸ் தாளைக் கையில் திணிக்கிற வழக்கம் எனக்கு ஒப்பாது. முதல் வாரம் இரண்டு, அவை படிந்த பிறகு மூன்றாவது.

களக்காடு மாணவி – செப்டம்பர் 10

அப்படியென்றால் வருகையை அளவாக வைத்துக்கொள்ளலாமா? கிளினிக்குக்கு எத்தனை நாள் வந்தார் என்பது பதிவேட்டிலேயே இருக்கிறது, பொய் சொல்ல முடியாது.

பாளை பிசியோ – செப்டம்பர் 10

பொய் சொல்ல முடியாது, ஆனால் வேறு ஒன்றை அளக்கும். நம் ஊரில் பத்து நாள் தவறாமல் வருகிறவர் பெரும்பாலும் கரண்ட் (தோலின்மேல் மின்தூண்டல்) வைக்கத்தான் வருகிறார், இல்லையென்றால் இடுப்பில் பெல்ட் மாட்டி இழுக்க. வீட்டில் ஒரு பயிற்சியும் நடந்திருக்காது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலி வழிகாட்டுதல், கரண்ட், இழுவை, அல்ட்ராசவுண்ட், பெல்ட் நான்கையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பயிற்சியும் விளக்கமும் வேண்டும் என்கிறது. கரண்டுக்கு வந்த நாட்களை எண்ணிப் பயிற்சிக்கு ஒழுங்கானவர் என்று எழுதினால் கணிப்பு தலைகீழாகும்.

வருகையும் வீட்டுப் பயிற்சியும் தனித்தனி என்பதற்குச் சான்றும் உண்டு. 1998இல் ஃப்ரீட்ரிக் குழு ஆஸ்திரியாவில் இடுப்பு வலிக்காரர்களுக்குப் பயிற்சியோடு ஊக்கத் திட்டமும் கொடுத்தது: ஆலோசனை, பாராட்டு, எழுத்து ஒப்பந்தம், குறிப்பேடு. வருகை கூடியது. ஒரு வருடத்தில் வலியும் முடக்கமும் குறைந்தன. நீண்ட நாள் வீட்டுப் பயிற்சியில் மட்டும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

எப்படித்தான் அளப்பது என்றால் மூன்றைச் சேர்த்து. ஒன்று, பயிற்சித் தொடர்ச்சிக்கென்றே உள்ள ஈயர்ஸ் அளவுகோல். 6 கேள்வி, 0 முதல் 24 வரை மதிப்பெண், 2017இல் வந்தது, இடுப்பு வலிக்காரர்களிடம் சோதித்தது. தமிழாக்கி உபயோகிக்கும்போது பத்துப் பேரிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டிப் புரிகிறதா பாருங்கள். இரண்டு, "கடந்த ஏழு நாளில் எத்தனை நாள்" என்ற ஒரே கேள்வி. ஆறு வாரத்தை ஒட்டுமொத்தமாகக் கேட்காதீர்கள். மூன்றாவதை நான் அதிகம் நம்புகிறேன்: எதுவும் சொல்லாமல் "செய்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பது. தினமும் செய்கிறவர் கேட்காமலே சரியான இடத்தில் படுத்து, சரியான காலை மடக்குவார். செய்யாதவர் "எந்தக் கால் முதல்ல?" என்று நம் முகத்தைப் பார்ப்பார். அந்த இடத்தில் திட்டக்கூடாது. திட்டினால் அடுத்த வாரம் வரவும் மாட்டார்.

எத்தனை நாள் என்பதும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் என்பதும் தனித்தனி நெடுவரிசையாக இருக்கட்டும். ஸ்பெயினில் 2009இல் மெடினா-மிராபேய்ஷ் குழு கழுத்து, இடுப்பு வலிக்காரர்களிடம் இரண்டையும் பிரித்துத்தான் பார்த்தது.

வீரவநல்லூர் தறி – செப்டம்பர் 12

கைத்தறிக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு இடுப்பு வலி வருகிறது, மூன்று வாரம் பயிற்சி செய்கிறார், வலி போய்விடுகிறது, நிறுத்துகிறார். அவரையும் "விட்டவர்" என்று எழுதுவது நியாயமா? வலி போனபின் எதற்குச் செய்ய வேண்டும்?

ராதாபுரம் புள்ளியியல் – செப்டம்பர் 12

நியாயம் இல்லை. நிறுத்தியவர்களை மூன்று பெட்டியில் போடுங்கள்: தணிந்து நிறுத்தியவர், வலி கூடி நிறுத்தியவர், வலி அப்படியே இருக்க நிறுத்தியவர். மூன்றுக்கும் காரணிகள் வேறு. மூன்றையும் ஒன்றாக்கினால் "வலி குறைவாக இருந்தவர்கள் தொடரவில்லை", "வலி அதிகமாக இருந்தவர்கள் தொடரவில்லை" என்ற இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, வலிக்கும் தொடர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று கணினி சொல்லும்.

பாளை பிசியோ – செப்டம்பர் 13

அண்ணாச்சி கேட்ட இரண்டாவது கேள்விக்கு. இடுப்பு வலி திரும்பத் திரும்ப வரும் சாதி. ஆஸ்திரேலியாவில் நடந்து 2024இல் வெளியான வாக்பேக் ஆய்வில், வலி வந்து குணமான 701 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு நடைப்பயிற்சித் திட்டமும் விளக்கமும் கொடுத்தார்கள். வலி திரும்பி வர நடந்தவர்களுக்கு இடைநிலை அளவாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். இலக்கு, ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். அதனால் தணிந்தபின் தரைப் பயிற்சிகளை நிறுத்தினாலும் நடையை விட வேண்டாம் என்று சொல்லலாம். நெசவாளருக்கு அது எளிது. குழியிலிருந்து ஏறி வந்தபின் கால் நீட்டி நடக்க உடம்பே கேட்கும்.

வலி கூடி நிறுத்துகிறவரைத் தடுக்க முடியும். புதிதாகச் செய்யும்போது 24 முதல் 48 மணி நேரம் தசை வலி இருக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் "டிஸ்க் விலகிருச்சு" என்று படுத்துவிடுவார். நடைமுறை விதி: இடுப்பு வலி பத்துக்கு இரண்டு வரை கூடி, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்தால் தொடரலாம். அதற்கு மேல் கூடினாலோ மறுநாளும் இறங்காவிட்டாலோ எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும், நிறுத்தத் தேவையில்லை. இந்தப் பேச்சுக்கெல்லாம் வெளியே நிற்பவை: சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சித் தாளை மூடிவைத்து, உடனே ஹைகிரவுண்ட் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

களக்காடு மாணவி – செப்டம்பர் 15

எங்கள் சீனியர் ஸ்டார்ட் பேக் தாளையே கணிக்க உபயோகிக்கச் சொல்கிறார். 9 கேள்விதான், ஏற்கெனவே சோதித்தது.

ராதாபுரம் புள்ளியியல் – செப்டம்பர் 15

அது கணிப்பது வேறொன்றை. வலியும் முடக்கமும் நீடிக்குமா என்று பார்த்து நோயாளியைக் குறைந்த, நடுத்தர, அதிக ஆபத்து என்று பிரிக்கக் கீல் பல்கலைக்கழகத்தில் உருவான தாள். மொத்தம் 3 வரை குறைந்த ஆபத்து. மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் போய், மனநிலைக் கேள்விகள் ஐந்தில் 4 அல்லது 5 வந்தால் அதிகம். பயிற்சியைத் தொடர்வாரா என்று அதனிடம் கேட்கக்கூடாது. பயக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கடையம் களப்பணி – செப்டம்பர் 21

குலசை தசராவுக்கு மாலை போட்டவங்களைப் பாருங்க. சில பேர் 48 நாள், சில பேர் 41 நாள், விரதம்னா விரதம். ஒருநேரச் சாப்பாடு, வேஷம், காணிக்கை எடுக்க வெயில்ல நடை. அதே ஆளு ரெண்டு நிமிஷப் பயிற்சியை ஒம்பதாம் நாள் விட்டுருதாரு. அப்பம் "கட்டுப்பாடு இல்லாதவரு"ன்னு எப்படி எழுதுவீங்க? விரதத்துக்கு ஊரே கூட நிக்கி. தசரா குழு இருக்கு, கழுத்துல மாலை கிடக்கு, பாக்கவன்லாம் கேக்கான். பயிற்சிய ஒருத்தனும் கேக்கதில்ல. எங்க பக்கம் மகளிர் சுயஉதவிக் குழு கூடுத அன்னைக்கு முதல் பத்து நிமிஷம் சேந்து செய்ய வச்சா, வீட்டுல செய்யுதவங்க எண்ணிக்கையும் கூடுது. அதனால தாள்ல ஒரு கேள்வி சேருங்க: "நீங்க செய்யலன்னா யாரு கேப்பாவ?" பதில் "யாருமில்ல"ன்னா அதுதான் பெரிய அபாயம்.

பாளை பிசியோ – செப்டம்பர் 22

நல்ல கேள்வி. ஆனால் "மருமகள் கேட்பாள்" என்பதும் "மாமியார் கேட்பாள்" என்பதும் ஒன்றாகாது. "வேலைக்கு நோகும், பயிற்சிக்கு நோகாதாக்கும்" என்று கேட்கிற வீட்டில் ஆதரவு என்று எழுதிவிடாதீர்கள். யார், எப்படிக் கேட்பார் என்று இரண்டாக வாங்குங்கள்.

ராதாபுரம் புள்ளியியல் – அக்டோபர் 1

கணிப்பு வந்தபின் அதை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். கணக்குக்கு 100 பேர், அதில் 60 பேர் விடப் போகிறவர்கள். தாள் 50 பேரை "விடுவார்" என்று குறிக்கிறது, அதில் 40 பேர் உண்மையிலேயே விடுகிறார்கள். குறித்தது 80 சதவீதம் சரி, கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் "தொடர்வார்" என்று விட்டுவைத்த 50 பேரில் 20 பேர் விட்டுவிட்டார்கள், அதாவது நூற்றுக்கு 40. அவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்டிருக்கவே மாட்டார்கள். இன்னொரு ஊரில் விடுகிறவர்கள் நூற்றுக்கு 30 மட்டும் என்றால், அதே தாள் அதே திறமையோடு அங்கே பலரை அநியாயமாகக் குறிக்கும். தாளை எடுத்துப்போகிறவர்கள் அந்த ஊருக்கு மறுபடி அளவு திருத்த வேண்டும்.

இன்னொரு பொறி: முதல் இரண்டு வாரம் செய்தாரா என்பது பலமான காரணி என்று பாளை அண்ணன் சொன்னார். உண்மை. ஆனால் அதைச் சேர்த்தால் அது முதல் நாள் கணிப்பு இல்லை, பதினான்காம் நாள் கணிப்பு. தலைப்பை மாற்றி எழுதுங்கள். இல்லாவிட்டால் விடையைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதியதாக ஆகும்.

பாளை பிசியோ – அக்டோபர் 2

தலைப்பை மாற்றுவதுதான் நல்லது என்பேன். முதல் நாள் நான்கு கேள்வி: கடந்த வாரம் எத்தனை நாள் அரை மணி நேரம் நடந்தீர்கள், இந்த இரண்டு பயிற்சியை வாரம் ஐந்து நாள் செய்ய முடியும் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை, செய்ய விடாமல் தடுக்கக்கூடியவை எத்தனை, செய்யாவிட்டால் யார் கேட்பார். பதினான்காம் நாள் ஒன்று: செய்து காட்டுங்க. அவ்வளவுதான்.

நம்பிக்கை 7க்குக் கீழே வந்தால் அறிவுரையைக் கூட்டாதீர்கள், பயிற்சியைக் குறையுங்கள். ஐந்து நாளை மூன்றாக்கி, இரண்டை ஒன்றாக்கி, மறுபடி கேளுங்கள். 7 வந்ததும் அதோடு அனுப்புங்கள். "விடுவார்" என்று தாள் குறித்தவருக்குக் கூடுதல் நேரம் போக வேண்டும். இவர் எப்படியும் செய்யமாட்டார் என்று கரண்ட் மட்டும் வைத்து அனுப்ப இந்தத் தாளை யாராவது உபயோகித்தால் அது நோயாளிக்குச் செய்கிற துரோகம். அப்படி நடக்கக்கூடாது என்பதை உங்கள் அறிக்கையிலேயே எழுதுங்கள்.

களக்காடு மாணவி – அக்டோபர் 4

தலைப்பை மாற்ற கைடு ஒத்துக்கொண்டார்கள். நான்கும் ஒன்றும். பிசான நெல் நடவு தொடங்கப் போகிறது, பதினான்காம் நாள் பலர் வரமாட்டார்கள். போனில் கேட்கலாமா?

கடையம் களப்பணி – அக்டோபர் 4

கேக்கலாம், செய்து காட்டச் சொல்ல முடியாது, அம்புட்டுதான். வீடியோ கால் இருக்கவங்களுக்கு அதுல பாருங்க. நடவுக்குப் போறவங்க விடியக்காலம் கிளம்பிருவாவ, ராத்திரி ஏழரைக்கு மேல கூப்பிடுங்க. பீடிக்காரங்களைக் கடையில கணக்கு ஒப்படைக்குத நேரத்துல கூப்பிடாதீங்க. மூணு தடவ எடுக்கலன்னா "தெரியவில்லை"ன்னு தனியா எழுதுங்க, "விட்டவர்"ல சேக்காதீங்க. நடவு காலத்துல குனிஞ்சு நிக்குதவங்களுக்கு வரப்புல ஏறுத ஒவ்வொரு தடவையும் அந்தப் பின்னால சாயுத பயிற்சி போதும், தரைப் பயிற்சி கேக்காதீங்க. பெறவு ஒண்ணு, பதிவேட்டுல இருக்க நம்பர் பாதிக்கு மகனோடது, அவன் சென்னையிலயோ துபாய்லயோ இருப்பான். நம்பர் வாங்கும்போதே போன் யாரு கையில இருக்கும்னு கேட்டுப் பக்கத்துல குறிச்சுக்கிடுங்க.